போர்டிங்ல விட்ட நாய், பூனைக்கு அடிபட்டா நஷ்டஈடு வாங்குறது எப்படி

நம்பி போர்டிங்ல, அதாவது நாம ஊர்ல இல்லாதப்ப காசு வாங்கிட்டு நாய் பூனைய பாத்துக்குற இடத்துல, விட்டுட்டு போன நம்ம செல்லப்பிள்ளை நொண்டிக்கிட்டே வெளிய வந்தாலோ, கழுத்துல தையலோட நின்னாலோ வர்ற கோவத்துக்கும் அழுகைக்கும் அளவே கிடையாது, அது முழுக்க நியாயமானதும் கூட. ஆனா பணம் திரும்ப வருமா வராதாங்கறத தீர்மானிக்கிறது பெரும்பாலும் முதல் ரெண்டு நாள்ல நீங்க எடுத்த போட்டோவும், எழுதி அனுப்புன மெசேஜும், டாக்டர் எழுதி கொடுத்த பேப்பரும்தான். நல்லா இருந்துச்சு, உங்ககிட்ட விட்டேன், அடிபட்டு வந்துச்சு, இந்த மூணையும் பேப்பர்ல காட்ட முடிஞ்சவங்களுக்கு பாதி வேலை முடிஞ்ச மாதிரி. அத எப்படி செய்யறதுனு ஒவ்வொண்ணா சொல்றேன், சில இடத்துல கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

முதல்ல உயிர், அப்புறம்தான் மத்ததெல்லாம். மூச்சு வாங்குது, ஈறு வெளுத்து போயிருக்கு, வயிறு உப்பி வாந்தி வர மாதிரி குமட்டிக்கிட்டே இருக்கு ஆனா ஒண்ணும் வெளிய வரல, நிக்க முடியல, ஆண் பூனை ஒண்ணுக்கு போக உக்காந்து உக்காந்து எந்திரிக்குது, இதுல எது இருந்தாலும் அங்க நின்னு யார்கிட்டயும் சண்டை போடாதீங்க, நேரா டாக்டர். ஆதாரம் சேக்கறத வண்டில போகும்போது கூட வர்றவங்க செய்யட்டும்.

அந்த மாதிரி அவசரம் இல்லேன்னா வாசல விட்டு கிளம்பாம அங்கயே ஒரு அஞ்சு நிமிஷம் உடம்பு முழுக்க கைய விட்டு தடவி பாருங்க. காலர கழட்டிட்டு கழுத்த சுத்தி, காதுக்குள்ள, முன்னங்கால் இடுக்கு, அடிவயிறு, வாலுக்கு அடியில, பாதத்தோட அடிப்பக்கம், அப்புறம் நகம். நகம் உடைஞ்சு ரத்தம் காஞ்சிருந்தாலோ மூக்கு மேல தோல் உரிஞ்சிருந்தாலோ கூண்டயோ கதவயோ பிறாண்டி வெளிய வர முயற்சி பண்ணியிருக்க வாய்ப்பு நிறைய. நாலு எட்டு நடக்க விட்டு வீடியோ எடுங்க, பின்னாடி அந்த இடத்தோட போர்டு இல்ல ரிசப்ஷன் தெரியற மாதிரி எடுத்தா இன்னும் நல்லது, ஏன்னா அடி அங்கயே இருந்துச்சு, வீட்டுக்கு வந்தப்புறம் படலங்கறதுக்கு அத விட பெரிய சாட்சி கிடைக்காது. சில இடத்துல கூட்டிட்டு போகும்போது "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்"னு ஒரு வரி போட்டு கையெழுத்து கேப்பாங்க. அத அப்படியே போட்டுடாதீங்க, அந்த வரிய அடிச்சுட்டு "வலது பின்னங்காலில் காயத்துடன் பெற்றுக்கொண்டேன்"னு நேரம் தேதியோட எழுதி கையெழுத்து போடுங்க, அந்த பேப்பர ஒரு போட்டோ எடுத்துக்கோங்க.

அங்க இருக்கறவங்ககிட்ட கேக்க வேண்டியது ரொம்ப கொஞ்சம்தான். எப்ப நடந்துச்சு, யார் பாத்தாங்க, அப்ப கூட வேற எந்த மிருகம் இருந்துச்சு, உடனே என்ன செஞ்சீங்க, எந்த டாக்டர்கிட்ட காட்டினீங்க, எனக்கு ஏன் போன் பண்ணல. பதில் சொல்லும்போது குறுக்க பேசாம கேளுங்க. அங்க கூண்டு கழுவுற பையனோ சாப்பாடு வைக்கிற அக்காவோ உண்மைய டக்குனு சொல்லிடுவாங்க, "நேத்து சாயங்காலம் அந்த பெரிய நாய் கடிச்சிடுச்சு சார்"னு, ஓனர் வந்து பேசும்போது கதை மாறிடும். பேச்ச ரெக்கார்ட் பண்றது சில நாட்டுல எதிராளி சம்மதம் இல்லாம பண்ணா சட்டவிரோதம், அதனால அதுல மாட்டிக்காம வெளிய வந்த உடனே அவங்க சொன்னத அப்படியே மெசேஜா எழுதி அவங்களுக்கே அனுப்பிடுங்க. இப்படி:

"வணக்கம். இன்னைக்கு காலையில 10 மணிக்கு எங்க நாய கூட்டிட்டு வந்தேன். இடது தோள்ல ரெண்டு ஓட்டை மாதிரி காயம் இருக்கு, போட்டோ அனுப்பியிருக்கேன். நேத்து சாயங்காலம் விளையாட விட்டப்போ இன்னொரு நாய் கடிச்சதா உங்க ஸ்டாஃப் சொன்னாங்க. எனக்கு நேத்து தகவல் வரல. இப்ப டாக்டர்கிட்ட கூட்டிட்டு போறேன். நேத்தும் இன்னைக்கும் உள்ள சிசிடிவி பதிவ அழிக்காம எடுத்து வையுங்க, ஒரு காப்பி எனக்கு வேணும். கடிச்ச நாயோட ரேபிஸ் தடுப்பூசி விவரமும் அனுப்புங்க."

இதுல திட்டு கிடையாது, மிரட்டல் கிடையாது, நடந்தது மட்டும்தான். அவங்க "சாரி மேடம், திடீர்னு நடந்துடுச்சு, நாங்க பாத்துக்கறோம்"னு ஒரு பதில் போட்டாலே நடந்தது அவங்க இடத்துலதாங்கறது எழுத்துல வந்துடுச்சு. சிசிடிவி விஷயத்த மட்டும் தள்ளி போடாதீங்க, பெரும்பாலான மிஷின்ல டிஸ்க் நிறைஞ்சதும் பழைய பதிவு மேல புதுசு தானா ஏறிடும், சில நாள்லயே போயிடும், ஒரு மாசம் கழிச்சு வக்கீல் மூலமா கேட்டா "இல்லையே"ங்கறது உண்மையாவே இருக்கும். அதே நாள்ல எழுத்துல கேட்டு வச்சிருந்து அதுக்கப்புறமும் அழிஞ்சு போச்சுன்னா, அத ஏன் எடுத்து வைக்கலங்கற கேள்விக்கு பதில் சொல்ல வேண்டியது அவங்க.

டாக்டர்கிட்ட

போர்டிங்காரங்களே "எங்க டாக்டர் இருக்காரு, ஃப்ரீயா பாத்துக்கறோம்"னு சொல்வாங்க. நல்ல மனசோட சொல்றவங்களும் இருக்காங்க, அத நான் மறுக்கல. இருந்தாலும் அவங்களோட சம்பந்தம் இல்லாத ஒரு டாக்டர்கிட்ட அதே நாள்ல காட்டுங்க, வழக்கமா உங்க பிள்ளைய பாக்குற டாக்டரா இருந்தா ரொம்ப நல்லது, முன்னாடி எப்படி இருந்துச்சுங்கற ரெக்கார்டும் அவங்ககிட்டயே இருக்கும். அவங்க டாக்டர் ஏற்கனவே ஏதாவது சிகிச்சை பண்ணியிருந்தா அந்த கேஸ் ஷீட், போட்ட ஊசி, எக்ஸ்ரே எல்லாத்தோட காப்பியும் கேட்டு வாங்குங்க.

டாக்டர் பாவம், அவருக்கு வைத்தியம்தான் வேலை, சாட்சி சொல்றது இல்ல. "இது அவங்க அலட்சியம்தான்னு எழுதி கொடுங்க"னு கேட்டா பெரும்பாலும் கொடுக்க மாட்டாரு, அவருக்கு அது தெரியவும் தெரியாது. அவரால எழுத முடிஞ்சது வேற. காயம் என்ன மாதிரி, எவ்வளவு நீளம் ஆழம், எத்தனை மணி நேரம் இல்ல எத்தனை நாள் பழசா இருக்கும், எதனால இந்த மாதிரி காயம் வரும், டெம்பரேச்சர் எவ்வளவு, எடை எவ்வளவு, உடம்புல தண்ணி வத்தியிருக்கா. இத ரிப்போர்ட்ல எழுத சொல்லி பணிவா கேளுங்க. "ஓனர் சொன்னபடி"னு மட்டும் எழுதியிருந்தா அது நீங்க சொன்ன கதை, "கடிபட்ட காயம், சுமார் ஒரு நாள் பழசு, ஏற்கனவே சீழ் பிடிக்க ஆரம்பிச்சிருக்கு"னு எழுதியிருந்தா அது டாக்டர் பாத்தது, ரெண்டுக்கும் மதிப்பு வேற வேற. எலும்பு உடைஞ்சிருந்தா எக்ஸ்ரே முதல் நாளே எடுத்துடுங்க, புது முறிவோட ஓரம் கூர்மையா தெரியும், ரெண்டு மூணு வாரம் ஆனா அங்க புது எலும்பு கட்டி மாதிரி வளந்திருக்கும், அதனால "அது ஏற்கனவே உடைஞ்ச கால்"னு அவங்க சொன்னா முதல் நாள் படமே பதில் சொல்லிடும்.

கடிக்காயத்த பத்தி கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா நிறைய பேர் ஏமாந்து போறது இதுலதான். மேல பாத்தா பேனா முனை அளவு ரெண்டு ஓட்டை, முடிய விலக்கினாதான் தெரியும், ஆனா பெரிய நாய் சின்ன நாய கவ்வி உதறினா தோலுக்கு அடியில சதையே கிழிஞ்சு தனியா வந்திருக்கும். பூனைக்கு மேல்தோல் சீக்கிரம் மூடிக்கும், உள்ள சீழ் கட்டி ரெண்டுல இருந்து அஞ்சு நாள்ல வீங்கிக்கிட்டு வரும். எனக்கு தெரிஞ்ச ஒருத்தர் பூனைக்கு இதான் நடந்துச்சு, கூட்டிட்டு வந்த அன்னைக்கு கட்டிலுக்கு அடியில போய் படுத்துக்கிச்சு, புது இடத்துல இருந்து வந்த சோர்வுனு விட்டுட்டாங்க, மூணாவது நாள் தடவுனா வால் அடியில எலுமிச்சம்பழம் சைஸ்ல வீக்கம், போர்டிங்ல கேட்டா உங்க வீட்டுலதான் பட்டிருக்கும்னுட்டாங்க. டாக்டர் அந்த கட்டி எத்தனை நாள் பழசுனு எழுதி கொடுத்ததும், அந்த பூனை வீட்ட விட்டு வெளியவே போகாத பூனை, வீட்டுல வேற மிருகமே இல்லங்கறதும் சேந்துதான் அவங்களுக்கு கை கொடுத்துச்சு. அதனால திரும்பி வந்த பிள்ளை சுருண்டு படுத்தா, சாப்பிடலேன்னா, தொட விடலேன்னா காத்திருக்காதீங்க. போட்டோ எடுக்கும்போது முடிய ஷேவ் பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு, பண்ணப்புறம் ஒண்ணு, பக்கத்துல ஒரு ஸ்கேல வச்சு எடுங்க, அப்பதான் அளவு தெரியும். ஆறி வர்ற வரைக்கும் ரெண்டு நாளைக்கு ஒரு போட்டோ.

பிள்ளை இறந்து போயிருந்தா, இத எழுதவே மனசு வரல, ஆனா சொல்லாம இருக்க முடியாது. புதைக்கறதுக்கோ எரிக்கறதுக்கோ முன்னாடி பிரேதப் பரிசோதனை பண்ணணுமானு முடிவு பண்ணுங்க, அதுக்கு நேரம் ரொம்ப கம்மி. உடம்ப குளிர்ச்சியா வைக்கணும், ஆனா ஐஸ் ஆகுற அளவுக்கு ஃப்ரீசர்ல வைக்கக்கூடாது, உறைஞ்சு போனா திசுக்கள் சிதைஞ்சு காரணம் கண்டுபிடிக்கறது கஷ்டமாயிடும். கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்குற ஊர்னா அங்க கேளுங்க, இல்லேன்னா உங்க டாக்டரே வழி சொல்வாரு. "நாங்களே அடக்கம் பண்ணிட்டோம், உங்களுக்கு கஷ்டம் வேணாம்னு"னு சொன்னா எப்ப, எங்க, யார் முடிவு பண்ணாங்கனு எழுத்துல கேளுங்க. காரணம் தெரியாம இருக்குற வலி வழக்கு முடிஞ்சாலும் போகாது, அதுக்காகவாவது செய்யலாம்.

நோயா வந்தா கணக்கே வேற

காயம்னா கண்ணுக்கு தெரியும், நோய்ல அங்கதான் வந்துச்சுனு காட்டணும், அதுக்கு நாள் கணக்கு தெரிஞ்சிருக்கணும். நோய் தொத்துனதுல இருந்து கணக்கு பண்ணா, கென்னல் காஃப் (நாய்ங்களுக்குள்ள பரவுற இருமல்) பொதுவா ரெண்டு நாள்ல இருந்து 14 நாளைக்குள்ள தெரியும், பார்வோ (வாந்தி, வயித்துப்போக்கு வர்ற வைரஸ் நோய்) பெரும்பாலும் 3ல இருந்து 7 நாள், சிலதுக்கு ரெண்டு வாரம் வரைக்கும் ஆகும், உண்ணி காய்ச்சல்ல எர்லிக்கியா வகை ஒண்ணுல இருந்து மூணு வாரம். அதனால சனிக்கிழமை விட்டு ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வந்து அன்னைக்கு ராத்திரியே பார்வோன்னா அது அங்க வந்ததா இருக்க வாய்ப்பு ரொம்ப கம்மி, அத சொல்லி சண்டை போட்டா தோத்துடுவீங்க. பத்து நாள் இருந்து எட்டாவது நாள் ஆரம்பிச்சுதுன்னா கேள்வி கேக்க இடம் இருக்கு, அதுவும் தடுப்பூசி கார்டு பாக்காம எல்லாத்தையும் சேத்துக்கிட்டாங்கன்னு தெரிஞ்சா இன்னும் நல்லாவே இருக்கு. வெறும் வயித்துப்போக்கு மட்டும்னா புது இடத்து பயத்துலயே வரும், யார் மேலயும் தப்பு இல்லாம.

வெயில்ல மயங்குறது வேற ரகம். நாயோட சாதாரண சூடு சுமாரா 38ல இருந்து 39 டிகிரி செல்சியஸ், 41 தாண்டுனா ஆபத்து, பக், புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு இது ரொம்ப சீக்கிரம் வரும், இத தெரியாம ஒரு போர்டிங் நடத்தவே கூடாதுங்கறது என் கருத்து. காத்தோட்டம் இல்லாத ரூம், தகரக் கூரை, காலி தண்ணி கிண்ணம், மதியம் வண்டில விட்டுட்டு போனது, இதுல எது இருந்தாலும் அவங்க கவனிப்பு குறைவுனு காட்ட முடியும்.

பெரிய நெஞ்சு உள்ள நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கறது, ஆண் பூனைக்கு ஒண்ணுக்கு அடைச்சுக்கறது, இதெல்லாம் நல்லா பாத்துக்குற வீட்டுலயும் வரும். அந்த மாதிரி கேஸ்ல ஏன் வந்துச்சுனு கேக்கறதுல பலன் இல்ல, எத்தனை மணிக்கு கவனிச்சீங்க, எத்தனை மணிக்கு டாக்டர்கிட்ட போனீங்கனு கேளுங்க. ராத்திரி முழுக்க அங்க ஆளே இல்ல, காலையில வந்து பாத்தாங்கன்னா, ராத்திரியும் ஆள் இருப்பாங்கனு விளம்பரத்துல போட்டிருந்தாங்களான்னு தேடி ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, பக்கத்த மாத்தறதுக்கு முன்னாடி. பூனை மூணு நாளா சாப்பிடலேன்னு அவங்க நோட்டுலயே எழுதியிருக்கும், உங்களுக்கு ஒரு போன் வந்திருக்காது. பூனை பட்டினி கிடந்தா ஈரல்ல கொழுப்பு சேந்து உயிருக்கே ஆபத்தாகும், அத உங்ககிட்ட சொல்லாம விட்டதே அலட்சியம்னு காட்ட போதும்.

தப்புனு எத சொல்ல முடியும்

அடிபட்டதாலயே நஷ்டஈடு தானா வந்துடாது. சாதாரண அக்கறை உள்ள ஒருத்தர் எடுத்துக்குற கவனத்த அவங்க எடுத்துக்கிட்டாங்களாங்கறதுதான் பெரும்பாலான நாட்டுல கேள்வி. இந்தியால 1872 ஒப்பந்தச் சட்டத்தோட 151ஆவது பிரிவு இதத்தான் சொல்லுது, ஒருத்தர்கிட்ட ஒப்படைச்ச பொருள, சாதாரண விவேகம் உள்ள ஒரு ஆள் அதே சூழ்நிலைல தன் சொந்த பொருள எப்படி பாத்துப்பாரோ அந்த அளவுக்கு பாத்துக்கணும்னு, பிரிட்டிஷ் சட்ட வழி வந்த மத்த நாடுகள்லயும் கிட்டத்தட்ட இதே நெறிதான். நம்ம பிள்ளைய பொருள்னு சொல்றது காதுக்கே கசக்கும், ஆனா இந்த நெறியில நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கு. நல்லபடியா ஒப்படைச்சு சேதத்தோட திரும்பி வந்துச்சுனு நீங்க காட்டிட்டா, நாங்க சரியாதான் பாத்துக்கிட்டோம்னு விளக்க வேண்டிய பாரம் பொதுவா அவங்க பக்கம் போயிடும், உள்ள என்ன நடந்துச்சுனு தெரிஞ்சவங்க அவங்கதானே. அதனாலதான் விடறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுனு காட்டுற போட்டோ, தடுப்பூசி கார்டு, சமீபத்துல டாக்டர் பாத்த சீட்டு எல்லாத்தையும் தேடி எடுங்கங்கறேன், அன்னைக்கு கார்ல போகும்போது விளையாட்டா எடுத்த ஒரு வீடியோ கூட போதும்.

அலட்சியம்னு காட்ட உதவுறது என்னென்ன: சின்னதையும் பெருசையும் ஒண்ணா விட்டு ஆள் இல்லாம போனது, சாப்பாடு வைக்கும்போது பிரிக்காம வச்சது, நீங்க எழுதி கொடுத்த மாத்திரைய கொடுக்காம விட்டது, மத்த நாயோட சேக்காதீங்கனு சொல்லியும் சேத்தது, கதவ திறந்து போட்டு ரோட்டுக்கு ஓட விட்டது, அடிபட்டப்புறம் மறைச்சது. கடைசியா சொன்னது சில சமயம் முதல்ல நடந்தத விட மோசம், ஏன்னா அந்த ஒரு ராத்திரி தாமதத்துலதான் சீழ் பிடிக்குது.

உங்க பக்கத்துலயும் மறைக்காதீங்க. உங்க நாய் ஏற்கனவே சண்டை போடும்னு தெரிஞ்சும் ஃபார்ம்ல "இல்லை"னு டிக் பண்ணியிருந்தா அது கண்டிப்பா வெளிய வரும், அதுக்கு ஏத்த மாதிரி தொகை குறையும், சில சமயம் மொத்தமா போயிடும்.

ஃபார்ம்ல "எந்த காயத்துக்கும் நாங்கள் பொறுப்பல்ல"னு ஒரு வரி இருக்கும், அத காட்டியே பாதி பேர திருப்பி அனுப்பிடுவாங்க. பயப்படாதீங்க. நிறைய நாட்டுல ஒரு வியாபாரி தன் சொந்த அலட்சியத்துக்கு இப்படி ஒரு வரிய போட்டு தப்பிக்க முடியாது, பிரிட்டன்ல 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி சேவைய தகுந்த கவனத்தோட செய்யணுங்கற கடமைய ஒப்பந்தத்துல எழுதி நீக்கவே முடியாது. சில இடத்துல அந்த வரிக்கு ஓரளவு பலம் இருக்கும், அதனால ஃபார்ம முழுசா படிங்க, குறிப்பா கூட்டமா விளையாட விட சம்மதம் கொடுத்திருக்கீங்களா, அவசர சிகிச்சைக்கு எவ்வளவு வரைக்கும் செலவு பண்ணலாம்னு எழுதியிருக்கீங்களா, எத்தனை நாளைக்குள்ள புகார் சொல்லணும்னு போட்டிருக்காங்க, இத மூணையும் பாருங்க. ஆப் மூலமா புக் பண்ணியிருந்தா அந்த ஆப்போட பாதுகாப்பு திட்டத்துல புகார் சொல்ற கெடு ரொம்ப சின்னதா இருக்கலாம், முதல் நாளே அங்கயும் பதிவு பண்ணிடுங்க.

எவ்வளவு கேக்கலாம்

டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன், எக்ஸ்ரே, ப்ளட் டெஸ்ட், மருந்து, கட்டு மாத்த போன வண்டி செலவு, இனிமே தேவைப்படும்னு டாக்டர் எழுதி கொடுத்த சிகிச்சை, போர்டிங்குக்கு கட்டுன பணம். இதெல்லாம் பில்லோட கேக்கலாம், பில் இல்லாதது கேட்டாலும் நிக்காது. ஒவ்வொண்ணா ஒரு பேப்பர்ல தேதி, யாருக்கு, எதுக்கு, எவ்வளவுனு எழுதி கீழ மொத்தம் போடுங்க. மன உளைச்சலுக்கு கேக்கறது ஊருக்கு ஊர் மாறும். சில இடத்துல மிருகத்துக்கு சந்தை விலைக்கு மேல ஒண்ணும் கிடையாதுங்கற பழைய கணக்கு இன்னும் இருக்கு, தெருவுல இருந்து தூக்கிட்டு வந்த பிள்ளைக்கு அந்த கணக்குல மதிப்பே இல்ல, இது மாறியே ஆகணும். சில நாட்டுல மாறியும் இருக்கு. ஜெர்மனில 1990ல மிருகங்கள் பொருள் கிடையாதுனு சிவில் சட்டத்துல சேத்தாங்க, வைத்தியச் செலவு அந்த மிருகத்தோட விலைய விட ரொம்ப கூட ஆச்சுங்கற ஒரே காரணத்துக்காக அது அதிகம்னு தள்ளிட முடியாது. சுவிட்சர்லாந்துல 2003ல இருந்து வீட்டு மிருகம் அடிபட்டாலோ இறந்தாலோ குடும்பத்துக்கு அது மேல இருந்த பாசத்தையும் கோர்ட் கணக்குல எடுத்துக்கலாம். உங்க ஊர்ல மன உளைச்சலுக்கு இடம் இருந்தா அத தனி வரியா, நியாயமான தொகையா கேளுங்க, வைத்தியச் செலவோட கலக்காதீங்க, பத்து மடங்கு ஏத்தி கேட்டா உண்மையான செலவையும் சந்தேகமா பாப்பாங்க.

இன்சூரன்ஸ்ல ஒரு நுணுக்கம் இருக்கு. "உங்ககிட்ட இன்சூரன்ஸ் இருக்கா"னு கேட்டா இருக்குனு சொல்வாங்க, ஆனா சாதாரண வியாபார பாலிசி நிறையதுல பாலிசிதாரரோட பொறுப்புல ஒப்படைச்ச பொருளுக்கு வர்ற சேதம் கவர் ஆகாது, மிருகங்களுக்குனு தனியா ஒரு சேர்க்கை எடுத்திருக்கணும். அதனால "உங்க பராமரிப்புல இருக்குற மிருகத்துக்கு அடிபட்டா கவர் ஆகுதா, பாலிசி நம்பர் கொடுங்க, கிளெய்ம் நான் போடணுமா நீங்க போடணுமா"னு நேரா கேளுங்க. நிறைய ஓனர்கள் பணம் கொடுக்க மறுக்கறதுக்கு காரணம் கையில இல்லாததுதான், இன்சூரன்ஸ் வழி தெரிஞ்சா பேச்சே மாறிடும். உங்ககிட்ட பெட் இன்சூரன்ஸ் இருந்தா அவங்களுக்கும் உடனே சொல்லுங்க, அவங்க கொடுத்த பணத்த நீங்க திரும்ப போர்டிங்கிட்டயும் வாங்க முடியாது, ஆனா அவங்க கொடுக்காம விட்ட மிச்சத்த கேக்கலாம்.

கடிதம்

வாய் பேச்சுல ஒரு வாரம் பாருங்க, நகரலேன்னா கடிதம். ரிஜிஸ்டர் தபால்லயும் ஈமெயில்லயும் அனுப்புங்க, வக்கீல் நோட்டீஸ் தான் அனுப்பணும்னு இல்ல, நீங்களே எழுதலாம்:

"எங்கள் நாயை ... தேதி உங்கள் பராமரிப்பில் நல்ல நிலையில் ஒப்படைத்தோம். ... தேதி கூட்டி வந்தபோது இடது தோளில் கடிக்காயம் இருந்தது. உங்கள் இடத்தில் மற்றொரு நாய் கடித்ததாக உங்கள் ஊழியர் தெரிவித்தார். எங்களுக்குத் தகவல் தரப்படவில்லை, உடனடி சிகிச்சையும் அளிக்கப்படவில்லை. மருத்துவர் அறிக்கை, படங்கள், ரசீதுகள் இணைக்கப்பட்டுள்ளன. மொத்தச் செலவு ... ஆகியுள்ளது. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் இத்தொகையைச் செலுத்தக் கேட்டுக்கொள்கிறோம். தவறினால் சட்டப்படி நடவடிக்கை எடுக்க நேரிடும்."

அவ்வளவுதான். ஒரு பக்கத்துக்கு மேல போனா யாரும் படிக்க மாட்டாங்க.

பதிலுக்கு "பாதி கொடுத்துடறோம்", "அடுத்த தடவை ஒரு வாரம் ஃப்ரீயா வச்சுக்கறோம்"னு வரும். ஃப்ரீ போர்டிங் வேணாம், அந்த பிள்ளைய திரும்ப அங்க விடப்போறதில்லையே. பாதி பணம் ஒத்துக்கறதும் மறுக்கறதும் உங்க இஷ்டம், அலைச்சலயும் கணக்குல சேத்து பாத்தா சில சமயம் முக்கால்வாசி கையில வர்றது நல்லதுதான். ஆனா பணத்தோட ஒரு பேப்பர் நீட்டுவாங்க, "இத்துடன் எல்லா கோரிக்கையும் முழுமையாக முடிந்தது"னு இருக்கும், அதுல கையெழுத்து போட்டப்புறம் கால்ல ரெண்டாவது ஆபரேஷன் தேவைப்பட்டாலும் ஒரு பைசா கேக்க முடியாது. டாக்டர் இனிமே சிகிச்சை வேணாம்னு சொல்ற வரைக்கும் அந்த மாதிரி பேப்பர்ல கை வைக்காதீங்க. நடுவுல பணம் கொடுத்தா "இதுவரை ஆன செலவுக்காக ஒரு பகுதி"னு ரசீதுல எழுதி வாங்கிக்கோங்க. இனி எங்கயும் இத பத்தி பேசக்கூடாதுனு ஒரு வரி இருக்கானும் பாருங்க.

இன்டர்நெட்ல போடறது பத்தி நிறைய பேர் கேப்பீங்க. பேச்சு நடக்கும்போது போடாம இருக்கறது நல்லது, போட்டா உங்களால நிரூபிக்க முடிஞ்சத மட்டும் போடுங்க, "கொலைகாரங்க"னு எழுதினா அவங்க உங்க மேல மானநஷ்ட வழக்கு போடுவாங்க. "பணம் கொடுக்கலேன்னா ரிவ்யூ போட்டு நாறடிச்சிடுவேன்"னு மெசேஜ் மட்டும் அனுப்பவே அனுப்பாதீங்க, அது மிரட்டி பணம் பறிக்கறதுனு திரும்பும், அதுவரைக்கும் நீங்க சேத்து வச்ச நல்ல ஆதாரமெல்லாம் அந்த ஒரு மெசேஜ்ல கெட்டுடும்.

வழக்குனு போனா

சின்ன தொகை வழக்கு கோர்ட், நுகர்வோர் ஆணையம், நுகர்வோர் தீர்ப்பாயம்னு ஒவ்வொரு நாட்டுல ஒரு பேர்ல இருக்கும், பெரும்பாலும் வக்கீல் இல்லாமலே போகலாம், கட்டணமும் கம்மி. ரெண்டு விஷயம் முதல்லயே பாருங்க, ஒண்ணு எவ்வளவு தொகை வரைக்கும் அங்க கேக்கலாம், இன்னொண்ணு எத்தனை நாளைக்குள்ள போடணும். இந்தியால நுகர்வோர் ஆணையத்துக்கு பொதுவா 2 வருஷம், மத்த இடத்துல கூடக் குறைய இருக்கும், பேச்சுவார்த்தை நடந்துக்கிட்டிருக்குங்கறதுக்காக அந்த கெடு தானா நிக்காது. யார் பேர்ல போடறதுங்கறதுலயும் கவனம் வேணும், போர்டுல இருக்குற கடை பேர் ஒண்ணா இருக்கும், பதிவு பண்ண பேர் வேறயா இருக்கும், ரசீத பாருங்க, பணம் யார் அக்கவுண்ட்டுக்கு போச்சுனு பாருங்க, சந்தேகம்னா ரெண்டு பேரையும் சேத்துடுங்க. வீட்டுல வச்சு பாத்துக்கறவங்கன்னா அவங்க பேர்லயே. கடிச்ச நாயோட ஓனர் மேல போகணும்னு தோணும், ஆனா அவரும் நம்மள மாதிரி நம்பி விட்டுட்டு போனவர்தான், ரெண்டையும் ஒண்ணா விட்டது போர்டிங், அதனால முதல் பொறுப்பு அங்கதான். அந்த நாய் கடிக்கும்னு தெரிஞ்சும் அவர் மறைச்சிருந்தா மட்டும் யோசிக்கலாம்.

ஃபைல்ல முதல் பக்கம் ஒரு தேதி வரிசை வையுங்க, விட்ட நாள், அடிபட்ட நாள், கூட்டிட்டு வந்த நாள், டாக்டர், மெசேஜ், கடிதம், பதில். அதுக்கப்புறம் ஒவ்வொண்ணுக்கும் ஆதாரம், நம்பர் போட்டு. விசாரணைல உங்களுக்கு கிடைக்கிறது சில நிமிஷம்தான், அதுல பிள்ளை எவ்வளவு செல்லம்ங்கறத விட, எந்த பேப்பர் எந்த பக்கத்துல இருக்குனு சொல்ல தெரிஞ்சா போதும். சமரசத்துக்கு அனுப்பினா மறுக்காம போங்க, அங்க முடியற வழக்கு நிறைய.

மிருகநல அதிகாரிகள்கிட்டயோ லைசென்ஸ் கொடுக்குற ஆபீஸ்லயோ தனியா புகார் கொடுக்கலாம். அங்க உங்களுக்கு பணம் கிடைக்காது, ஆனா வந்து பாத்தாங்கன்னா அந்த ரிப்போர்ட் உங்க வழக்குக்கு உதவும், உள்ள இன்னும் இருக்குற மத்த பிள்ளைங்களுக்கும் நல்லது, அதுக்காகவே கொடுக்கணும்னு நான் நினைக்கிறேன்.

தீர்ப்பு உங்க பக்கம் வந்தப்புறமும் சிலர் கட்ட மாட்டாங்க. அப்ப புதுசா வழக்கு போட வேணாம், அதே இடத்துல தீர்ப்ப நிறைவேத்த சொல்லி மனு போடணும், அவங்க பேங்க் அக்கவுண்ட்டயோ சொத்தயோ காட்டினா அதுல இருந்து எடுக்க உத்தரவு வரும். அதுக்கு அவங்களோட சரியான முகவரியும் நீங்க பணம் அனுப்புன அக்கவுண்ட் விவரமும் தேவைப்படும், அதனால முதல் நாள் கட்டுன அட்வான்ஸ் ரசீத பணம் முழுசா கைக்கு வர்ற வரைக்கும் தூக்கி போட்டுடாதீங்க.